நில்லென்றால் நிற்குமா?

எங்கள் வீட்டுக்கு ஒரு ரோபோ வாங்குவது என்று முடிவானபோது அதைத் தெரிவு செய்யும் பொறுப்பை நானாகவே எடுத்துக்கொண்டேன். யாரும் தரவில்லை. தபால் கந்தோரில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தப் படிவத்தையும் கடைசி வரி வரை வாசிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு. அதற்கு விழுந்த அடியைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

காரணம் மனைவியின் நாரி நோ, இடுப்பு வலி. யாழ்ப்பாணத்தில் டொக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, இனிக் குனிந்து வேலை செய்யக்கூடாது, கூட்டுவதை முதலில் நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டார். வேலணையில் கூட்டாமல் ஒரு வீடு இருக்க முடியுமா? சோளகக் காற்று தொடங்கினால் மண் படலையைத் திறக்காமலே உள்ளே வரும். எங்கள் மகள் நெடுந்தீவில் ஆசிரியை. திங்கள் காலை போனால் வெள்ளி பின்னேரம்தான் வருவாள். எனவே வார நாட்களில் கூட்டுவதற்கு அவளும் இல்லை. நான் ஒருவன் இருக்கிறேனே என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

மகள்தான் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். ஒரு தட்டையான வட்டச் சாமான் தரையில் தானாக ஓடுகிறது, சுவரில் முட்டித் திரும்புகிறது, கதிரைக் காலைச் சுற்றிவருகிறது, வேலை முடிந்ததும் தன்ரை இடத்துக்குப் போய்ச் சார்ஜ் ஏற்றிக்கொள்கிறது. நான் வாயைப் பிளந்தபடி அதை மூன்று தரம் பார்த்தேன். பிறகு விலையைச் சொன்னாள். கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். அந்த விலைக்கு அந்த நாளில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி ஓடித்திரிந்திருக்கலாம்.

ஆனால் உண்மையான அதிர்ச்சி விலையில் இல்லை, கடைக்காரப் பெடியன் போனில் கேட்ட கேள்விகளில் இருந்தது. யாழ்ப்பாணக் கடை. நல்ல மரியாதையான குரல். ஐயா, வீட்டில் எத்தனை அறை என்றான். சொன்னேன். அறை வாசல்களில் படி இருக்கா, என்ன உயரம் என்றான். முழித்தேன். கட்டிலுக்குக் கீழே எவ்வளவு இடைவெளி, வீட்டில் நீள முடி உள்ளவர்கள் எத்தனை பேர், விழுவது மண்ணா தூசியா, ஒரு நாளைக்கு எத்தனை தரம் கூட்டுவீர்கள். நான் பிறந்து, கலியாணம் முடித்து, பிள்ளை வளர்த்த வீடு. ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. கடைசிக் கேள்விக்கு மட்டும் துணிந்து, ஒருதரம் என்றேன். குசினியில் இருந்து மனைவி சிரித்தது கேட்டது.

அடுத்த நாள் நான் ஒரு வேலையும் செய்யாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். டொக்டர் சொன்னதை அவள் இன்னும் கேட்கத் தொடங்கவில்லை. விடிய எழும்பித் தும்புத்தடியை எடுத்து முழு வீடும். காலைச் சாப்பாடு முடிந்து குசினியும் சாப்பாட்டு இடமும். பத்து மணி போல் காற்று எழும்பியதும் விறாந்தையும் கூடமும் மறுபடி. மத்தியானம் சமைத்து முடிந்து ஒருதரம். பின்னேரம், விளக்கு வைக்க முன், அவசரமாக இன்னும் ஒருதரம், ஏனென்றால் விளக்கு வைத்தபிறகு கூட்டக்கூடாது. ஒவ்வொரு தரமும் முடிய ஒரு கையை நாரியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அந்த நிற்பை முன்பும் கண்டிருக்கிறேன். ஏதோ யோசிக்கிறாள் என்று நினைத்திருந்தேன். மனம் விறைத்துப்போய்விட்டது. கண் இருந்தும் குருடனாக இருந்திருக்கிறேன்.

அதன்பிறகு வேகம் பிடித்தேன். அளவுநாடாவை எடுத்து வாசற்படிகளை அளந்தேன். தரையில் படுத்து, மகளின் அறையில் கிடக்கும் பழைய முதிரை மரக் கட்டிலுக்குக் கீழே அடிமட்டத்தைப் பிடித்து அளந்தேன். படுத்த நான் எழும்புவதற்கு ஒரு கதிரை தேவைப்பட்டது வேறு கதை. ஒரு கொப்பியில் எல்லாம் எழுதி, எந்த மெசினுக்கு எது சரிவரும் என்று கோடு போட்டுப் பார்த்தேன்.

துடைக்கிற மெசின் முதலில் அடிபட்டுப்போனது. அதற்குள் தண்ணீர் விடவேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சவர். ஒரு வாளி வெயிலில் வைத்தால் அடியில் வெள்ளைப் படிவு நிற்கும். அது மெசினின் ஓட்டைகளை அடைத்துவிடும், நல்ல தண்ணிதான் விடவேண்டும் ஐயா என்றான் பெடியன். எங்களுக்கு நல்ல தண்ணீர் பவுசர் லொறியில் வருகிறது. குடிக்கிற தண்ணீரை நிலத்துக்கு ஊற்றச் சொல்கிறானே என்று மனைவி நெஞ்சில் கை வைத்தாள். அடுத்தது கமரா உள்ள மெசின். வீட்டை எல்லாம் படம் பிடித்துத்தான் வழி தெரிந்துகொள்ளுமாம். வீட்டுக்குள்ளே கண் வைத்துத் திரிகிற சாமான் தனக்கு வேண்டாம் என்றாள். எனக்கும் அது பிடிக்கவில்லை. நான் வீட்டில் சாரத்தோடு கிடக்கிற கோலத்தை எந்த நாட்டில் இருந்து யார் பார்ப்பானோ.

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று பழைய மாதிரி. ஒரு சின்ன ரிமோட் வரும். முன்னே பின்னே போகச் சொல்லலாம், நிறுத்தலாம், அவ்வளவுதான். மற்றது போனில் வேலை செய்வது. வைஃபை வேண்டும். வீட்டின் வரைபடத்தைத் தானே கீறும். எந்த நாளில் எத்தனை மணிக்குக் கூட்டவேண்டும் என்று ஒருமுறை சொல்லிவைத்தால் போதும். கறண்ட் போனாலும் பற்றரியில் ஓடிமுடிக்கும். ரிமோட் இல்லை.

நான் எல்லாவற்றையும் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நில்லெண்டால் நிக்குமோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஓடுகிற சாமானை வாங்க நிற்கிறோம், இவள் நிற்பதைப் பற்றிக் கேட்கிறாள். போனில் ஒரு பொத்தானை அமத்தினால் நிற்கும் என்றேன். போன் உங்களிட்டை எல்லோ இருக்கும் என்றாள். அப்ப ரிமோட் உள்ளதை எடுத்தால் என்ன என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். ரிமோட்டை நீர் இரண்டு நாளில் துலைச்சுப்போடுவீர் என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிட்டேன். அவள் மரக்கறிக்குத் திரும்பினாள். ஏன் அப்படிக் கேட்டாய் என்று நான் கேட்கவில்லை. படிவத்தின் கடைசி வரியை வாசிக்காமல் கையெழுத்துப் போட்டது அந்த ஒருமுறைதான்.

மெசின் ஒரு புதன்கிழமை வந்தது. அறை அறையாகப் போய், நான் அளந்த அதே படிகளில் ஏறி இறங்கி, போன் திரையில் எங்கள் வீட்டைக் கீறிக் காட்டியபோது உண்மையாகவே திகைத்துப்போனேன். சுவாமியறை ஒரு சின்னப் பெட்டியாக, விறாந்தை ஒரு நீளக் கோடாக. முதிரைக் கட்டிலுக்குக் கீழே அது நுழைந்து மறைந்து மறுபக்கத்தால் வந்தபோது, என் அளவு சரி என்று கை தட்டினேன். மனைவிக்கும் மெல்ல மெல்லப் பிடித்துவிட்டது. முதல் நாட்களில் தேவைப்படும்போது மெசினின் முதுகில் உள்ள பொத்தானைக் கால் விரலால் அமத்தி ஓடவிட்டாள். நாரிக்கு ஓய்வு கிடைத்தது. வெள்ளிக்கிழமை மகள் வந்து அதைப் பார்த்துச் சிரித்தாள். ஞாயிறு பின்னேரம் நான் போனை எடுத்து, ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்குத் தானாகக் கூட்டும்படி நேரத்தைப் போட்டேன். மனைவிக்குச் சொல்லவில்லை. விடிய எழும்பிப் பார்த்து அவள் மலைத்துப்போகட்டும் என்று நினைத்தேன்.

திங்கள் விடிய காற்று உரமாக இருந்தது. பனைகள் பேயாட்டம் ஆடின. கறண்ட் ஐந்தரைக்கே போய்விட்டது. மகள் ஆறு மணிக்குப் பிறகு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு குறிகட்டுவான் துறைக்கு வெளிக்கிட்டாள். அங்கிருந்து ஏழு மணிக்குப் படகு. நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம். காற்று இப்படி இருந்தால் இன்னும் கூட. படகு ஓடுமாம், போன் பண்ணிக் கேட்டனான் என்று சொல்லிவிட்டுப் போனாள். மனைவி படலை வரை போய் நின்றுவிட்டு வந்து, குசினியில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு இருந்தாள். திங்கட்கிழமைகளில் அவள் அப்படித்தான் இருப்பாள். பிள்ளை போன சோம்பல் என்று நான் எண்ணுவேன்.

நான் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றேன். உள்ளே இருந்து ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில், கூட்டத் தொடங்குகிறேன் என்று சொன்னது. ஏழு மணி. துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு பெருமையோடு கூடத்துக்குள் வந்தேன். மெசின் முன் வாசலைச் சுத்தமாகக் கூட்டி முடித்து, மகள் செருப்புப் போட நின்ற இடத்தையும் கூட்டி, உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. பார்த்தீரோ, கறண்ட் இல்லாமலே சொன்ன நேரத்துக்கு என்று நான் தொடங்கியதுதான். குசினி வாசலில் நின்ற மனைவியின் முகத்தைக் கண்டு பேச்சு நின்றுவிட்டது. அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

"நிப்பாட்டுங்கோ. பிள்ளை இன்னும் போய்ச் சேரேல்லை."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பயணம் போனவர் போய்ச்சேர முன் அவர் புறப்பட்ட வீட்டைக் கூட்டக்கூடாது. சாவீட்டில் பிரேதம் போனபிறகுதான் உடனே கூட்டிக் கழுவுவார்கள். இது எனக்குத் தெரியாத விசயம் இல்லை. எங்கள் பக்கத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். ஆனால் கூட்டுகிறவர்களுக்குத்தான் அது நினைவில் நிற்கிறது. நான் ஒருநாளும் கூட்டியவன் இல்லையே.

குனிந்து மெசினின் முதுகில் உள்ள பொத்தானை அமத்தியிருந்தால் அந்த இடத்திலேயே நின்றிருக்கும். பதற்றத்தில் அவளுக்கும் அது தோன்றவில்லை. நான் மடையன், போனைத் தேடி ஓடினேன். போன் கிடைத்தது, கண்ணாடி கிடைக்கவில்லை. கண்ணாடி கிடைத்தபோது மெசினோடு தொடர்பு இல்லை என்று திரை காட்டியது. கறண்ட் இல்லை, வைஃபை இல்லை. மெசினுக்குப் பற்றரி இருந்தது, எனக்கு அதோடு பேச வழி இருக்கவில்லை. அதற்குள் அது கூடத்தில் பாதியை முடித்துவிட்டு மகளின் அறைக்குள் போய், நான் பெருமையாக அளந்த கட்டிலுக்குக் கீழே நுழைந்துவிட்டது. முதிரைக் கட்டிலை நான் ஒருவன் தூக்க ஏலாது. வயிற்றோடு கீழே நுழையவும் ஏலாது.

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் மனைவி தரையில் விழுந்து படுத்துவிட்டாள். குனியவே கூடாது என்று டொக்டர் சொன்ன மனுசி, ஒரு பக்கமாகக் கிடந்து, தும்புத்தடியைக் கட்டிலுக்குக் கீழே விட்டு, அந்த மெசினை இழுத்து வெளியே எடுத்தாள். எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே தரையில் இருந்தாள். என்னைத் தரையில் வை, என்னைத் தரையில் வை என்று ஆங்கிலக் குரல் திரும்பத் திரும்பச் சொல்லி ஒருவழியாக அடங்கியது.

பயத்தை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி கோபம். இதெல்லாம் இந்தக் காலத்திலும் நம்புறீரோ, ஒரு மெசின் ஓடினதுக்குப் படகு என்ன செய்யும் என்று சத்தம் போட்டேன். அவள் திரும்பச் சத்தம் போடவில்லை. மெசினைப் பார்த்தபடி சொன்னாள்.

"நீங்கள் நெடுந்தீவுக்குப் போய்வந்த காலத்திலை உங்களுக்கும் நான் கூட்டாமல் இருந்தனான்."

கலியாணம் முடித்த புதிதில் நெடுந்தீவுத் தபால் கந்தோரில் எனக்கு வேலை. ஐந்து வருடம். மகளைப் போலவே திங்கள் போய் வெள்ளி வருவேன். அந்தச் சண்டைக் கால நாட்களில் அந்தக் கடலில் காற்றை விடப் பயப்பட வேறு காரியங்கள் இருந்தன. போன் என்ற பேச்சே இல்லை. நான் போய்ச் சேர்ந்தது இவளுக்கு எப்படித் தெரியும்? கேட்டேன். நெடுந்தீவில் இருந்து திரும்பி வரும் படகின் ஆட்களை ஏற்றிக்கொண்டு மத்தியானம் தாண்டி ஒரு பஸ் எங்கள் வீதியால் போகும். படகு பிழையில்லாமல் போய் வந்தது என்பதற்கு, அதன் கொண்டக்டர் எங்கள் படலைக்கு நேரே வரும்போது கையைத் தூக்கிக் காட்டுவாராம். இவள் படலையில் நிற்பாளாம். கையைக் கண்டபிறகு வந்து வீடு கூட்டுவாளாம்.

எனக்குத் தலையில் இடி விழுந்தது போல இருந்தது. ஏனென்றால் எனக்கு வேறொன்று நினைவு வந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது என் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உன்ரை பெண்சாதி திங்கட்கிழமைகளில் பின்னேரம் வரை வீட்டைக் குப்பையாகப் போட்டுவிட்டு றோட்டுப் பார்க்கிறாள் என்று சொன்னார். நான் இவளைக் கூப்பிட்டுப் பேசினேன். வீடு கூட்டக்கூடப் பஞ்சியோ என்று கேட்டேன். இன்னும் சில சொல்லும் சொன்னேன், அவற்றை எழுத வெட்கமாக இருக்கிறது. அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஒரு பதிலும் சொல்லவில்லை. அடுத்த திங்களும் அவள் கூட்டவில்லை என்பது இந்த மெசின் ஓடிய அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

எட்டு மணி ஆனது. மகளின் போன் வரவில்லை. எட்டரைக்கு நான் எடுத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஒன்பதுக்கும் அதுதான். நெடுந்தீவில் இருக்கும் என் பழைய கந்தோர்ச் சிநேகிதனுக்கு எடுத்தேன். துறையில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்தான். படகு இன்னும் வரேல்லையாம், எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டு நிக்கினம் என்றான். இதை மனைவிக்கு நான் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. என் முகத்தைப் பார்த்தாள், பிறகு மெசினைப் பார்த்தாள்.

இனி நான் செய்ததை ஒருவருக்கும் சொன்னதில்லை. அவளிடம் போய் மெசினை வாங்கினேன். அதன் மூடியைத் திறந்து குப்பை சேரும் பெட்டியைக் கழற்றினேன். உள்ளே ஒரு பிடி மண், மகளின் முடிச்சுருள், அவளுடைய கறுப்பு ஒட்டுப்பொட்டு ஒன்று. பெட்டியைக் கொண்டுபோய் முன் வாசலில் கவிழ்த்தேன். மகள் செருப்புப் போட நின்ற இடத்தில் முட்டுக்காலில் இருந்து, அந்த மண்ணை விரலால் பரவினேன். அங்கிருந்து தவழ்ந்து கூடத்துக்கு வந்து, அது எங்கெல்லாம் ஓடியிருக்கும் என்று யோசித்து யோசித்து ஒவ்வொரு சிட்டிகையாகப் போட்டேன். படித்தவன், பகுத்தறிவு பேசுகிறவன், இவ்வளவு நேரமும் சத்தம் போட்டவன். எங்கள் பிள்ளையைக் கடல் திருப்பித் தந்தால் போதும் என்ற ஒரு நினைப்பைத் தவிர வேறெதுவும் எனக்குள் இருக்கவில்லை.

மனைவி அறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். சிரிக்கவில்லை.

"செற்றி மூலைக்கும் கொஞ்சம் போடுங்கோ. அங்கையும் ஓடினது."

போட்டேன். பொட்டை எடுத்து மகளின் அறைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். பெட்டியைத் தட்டித் தட்டிக் கடைசித் தூசியையும் வெளியே எடுத்தேன்.

பத்து மணி கழித்துப் போன் அடித்தது. நடுக்கடலில் இயந்திரம் நின்றுபோய், படகு காற்றோடு இழுபட்டு, மீன்பிடிக்கப் போன ஒரு வள்ளம் கண்டு, அவர்கள் உதவி கூப்பிட்டு, இன்னொரு படகு வந்து கட்டி இழுத்ததாம். உடுப்பெல்லாம் நனைஞ்சு போச்சு, அப்பா, நான் வந்து சேர்ந்திட்டன், அம்மாட்டைச் சொல்லுங்கோ என்றாள். சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. மனைவி பக்கத்தில்தான் நின்றாள். போனைக் கையில் வாங்கி, சரி பிள்ளை, தலையைத் துடை என்று மட்டும் சொன்னாள். பிறகு செற்றியில் போய் மெதுவாக இருந்தாள். நாரியில் கை வைத்தாள்.

கூடம் முழுக்க மண். இனிக் கூட்டலாம் என்றாள். நான் மெசினைத் தொடவில்லை. தும்புத்தடியை எடுத்தேன். எந்தப் பக்கத்தால் தொடங்குவது என்று தெரியாமல் நின்றபோது, உள்ளிருந்து வாசலுக்கு என்று காட்டித்தந்தாள். என் வயதுக்கு அதுதான் முதல் தடவை. கூட்டத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், அவளைப் பார்க்காமல் கேட்டேன்.

"அண்டைக்கு நான் அவ்வளவு பேசேக்கை நீர் ஏன் சொல்லேல்லை?"

அவள் நாரியில் இருந்து கையை எடுத்தாள்.

"சொன்னால், போகேக்கை நீங்கள் கடலுக்குப் பயந்திருப்பியள்."

நான் நிமிரவில்லை. செற்றி மூலையில் நான் போட்ட மண்ணை மறுபடி கூட்டி எடுத்து, வாசலுக்குக் கொண்டுபோனேன். அந்த மெசினைக் கடையில் கொடுத்து ரிமோட் உள்ளதாக மாற்றிக்கொண்டோம். ரிமோட் அவளிடம் இருக்கிறது. இன்னும் துலையவில்லை.